தெருவும் வீதியும்: ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கல்

கேள்வி: வெள்ளவத்தை வாசகி

வணக்கம். எங்கள் குடியிருப்பாளர் சங்கத்தின் வேண்டுகோளுக்கிணங்க, நகரத் திட்டமிடல் பற்றிய சிறிய ஆங்கிலக் கைநூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். நடைபாதை, மழைநீர் வடிகால், பஸ் தரிப்பிடம் என்று வரும் பகுதிகள் தடையின்றி நகர்ந்தன. ஆனால் நூல் முழுவதும் தங்கியிருக்கிற ஒரே ஒரு வாக்கியத்தில் மூன்று நாட்களாக நிற்கிறேன். மனிதர் வாழவும், வாங்கவும் விற்கவும், நின்று நாலு வார்த்தை பேசவும் உள்ள இடம் 'ஸ்ட்ரீட்' என்றும், ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு ஆட்களையும் பொருட்களையும் கொண்டுசேர்ப்பது 'றோட்' என்றும், நமது நகரங்கள் முதலாவதை இரண்டாவதாக மாற்றிவிட்டன என்றும் அந்த வாக்கியம் சொல்கிறது.

கொழும்பில் நாம் இவ்விரண்டையும் 'வீதி' என்றே எழுதிப் பழகிவிட்டோம். ஆங்கிலத்தில் 'றோட்' ஆகிய காலி வீதியும் வீதிதான். 'ஸ்ட்ரீட்' ஆகிய ஜம்பட்டா வீதியும் வீதிதான். எனது முதல் வரைவில் "நமது நகரங்கள் வீதிகளை வீதிகளாக மாற்றிவிட்டன" என்று வந்து நின்றது. தமிழ்நாட்டு வழக்கைப் பின்பற்றி 'றோட்'டுக்குச் 'சாலை' என்று போட்டுப் பார்த்தேன். அதை வாசித்த அம்மா, "எந்தச் சாலை, பாடசாலையா வைத்தியசாலையா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமானது. இலங்கையில் 'சாலை' என்று தனியாகச் சொன்னால், போக்குவரத்துச் சபை பஸ்கள் இரவில் போய்த் தரித்து நிற்கும் இடம்தான் பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும்.

எனது கேள்வி இரண்டு பகுதிகளைக் கொண்டது. தமிழில் இந்த வேறுபாடு உண்மையிலேயே இருக்கிறதா, அல்லது ஆங்கிலத்தின் வேறுபாடொன்றை நான் வலிந்து தமிழின் மேல் ஏற்றுகிறேனா? இருக்கிறதென்றால், கொழும்பு வாசகர் ஒருவர் அடிக்குறிப்பு இல்லாமலே விளங்கிக்கொள்ளக்கூடிய இரண்டு சொற்கள் எவை?

பதில் 1: கொட்டாஞ்சேனையிலிருந்து

வேறுபாடு இருக்கிறது, சகோதரி. அது அகராதியில் இல்லாமல் பெயர்களில் இருக்கிறது.

நான் பிறந்து வளர்ந்தது செட்டியார் தெருவுக்கு மிக அருகில். எனது அப்பா அங்கே ஒரு நகைக்கடையில் வேலை செய்தார். அந்தத் தெருவின் ஆங்கிலப் பெயருக்குக் 'கடல் தெரு' என்று பொருள். சிங்களத்தில் அது 'ஹெட்டி வீதிய'. தமிழில் செட்டியார் தெரு. தமிழ்ப் பெயர் ஆங்கிலப் பெயரின் மொழிபெயர்ப்பு அல்ல. அங்கே யார் கடை வைத்திருந்தார்கள், யார் கோயில் கட்டினார்கள் என்பதை வைத்து மக்கள் தாங்களே இட்ட பெயர். பழைய சோனகத் தெரு, புதிய சோனகத் தெரு, கொம்பனித் தெரு, ஆட்டுப்பட்டித் தெரு, புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்கள் ஆகியவற்றையும் இதே வரிசையில் வைத்துப் பாருங்கள். அங்கே இருக்கும் மனிதரையோ பொருளையோ சொல்லும் பெயர்களே இவற்றில் பெரும்பாலானவை. சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல் எங்கே என்று கேட்டால் "இரண்டாம் குறுக்குத் தெருவில்" என்றுதான் இன்றைக்கும் பதில் வரும்.

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். காலி வீதி, கண்டி வீதி, நீர்கொழும்பு வீதி. இந்தப் பெயர்களில் அங்கே இருப்பவர் எவரும் இல்லை. போய்ச் சேரும் ஊர் மட்டுமே இருக்கிறது. 'காலித் தெரு' என்று கொழும்பில் எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. 'செட்டியார் வீதி' என்று எழுதினால் அது தவறான முகவரிபோலத் தோன்றுகிறது. கைநூல் சொல்லும் வேறுபாடு இதுவேதான் என்று நான் கருதுகிறேன்: தங்குகிறவர்களின் பெயரால் தெரு, சென்றடையும் ஊரின் பெயரால் வீதி.

இன்னுமொன்று. மும்மொழிப் பெயர்ப்பலகை ஒன்றின் முன் நிற்கும்போது இதைக் கவனியுங்கள். சிங்களத்தில் காலி வீதியை எவரும் 'வீதிய' என்பதில்லை. அது 'காலு பார'. 'வீதிய' என்ற சொல்லை அவர்கள் 'ஸ்ட்ரீட்'டுக்கு வைத்திருக்கிறார்கள். கொம்பனித் தெருவைக் 'கொம்பஞ்ஞ வீதிய' என்பதும், கண்டியில் தலதா மாளிகைக்குப் போகும் தெருவைத் 'தலதா வீதிய' என்பதும் அதனால்தான். ஆக, ஒரே வடமொழி வேரிலிருந்து வந்த சொல், ஒரே பலகையில், சிங்கள வாசகருக்குத் தெருவையும் தமிழ் வாசகருக்குப் பெரும்பாலும் 'றோட்'டையும் குறிக்கிறது.

எனது பரிந்துரை: 'ஸ்ட்ரீட்' தெரு, 'றோட்' வீதி. அதற்கு மேல் யோசிக்க வேண்டாம்.

பதில் 2: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தெஹிவளை

கொட்டாஞ்சேனைத் தம்பி சொன்ன பெயர்ச் சான்றுகள் பெறுமதியானவை. ஆனால் "அதற்கு மேல் யோசிக்க வேண்டாம்" என்பதை என்னால் ஏற்க முடியவில்லை, ஏனெனில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த என் காதுக்குத் தெருவும் வீதியும் அவர் வைத்த இடங்களில் உட்காரவில்லை.

எங்கள் ஊரில் ஒடுங்கிய வழியான ஒழுங்கைக்கு எதிர்ச்சொல்தான் தெரு. வீட்டுப் படலையைத் திறந்தால் ஒழுங்கை. ஒழுங்கையால் போய் ஏறினால் தெரு. 'தெருவாலே போகிறவன்' என்றால் நமக்குச் சம்பந்தமில்லாமல் கடந்து போகிற ஆள் என்று பொருள். தம்பியின் கணக்குப்படி கடந்து போகிறவன் வீதியில் அல்லவா போயிருக்க வேண்டும்? அரசாங்கமும் இந்த வழக்கைத்தான் எடுத்துக்கொண்டது. நாட்டின் மிக நீண்ட, மிக அகன்ற வழிகளுக்குப் பொறுப்பான அமைச்சுக்குத் தமிழில் வழங்கிய பெயர் 'பெருந்தெருக்கள் அமைச்சு'. அவற்றைப் பராமரிக்கும் நிறுவனமோ 'வீதி அபிவிருத்தி அதிகார சபை'. ஒரே பொருளுக்கு ஓரிடத்தில் தெரு, இன்னோரிடத்தில் வீதி.

வீதியின் பழைய பொருளோ இதற்கு நேர்மாறானது. யாழ்ப்பாணத்துக் கோயில்களில் உள்வீதி, வெளிவீதி என்று சொல்வோம். அவை வாகனம் போகும் வழிகள் அல்ல. சுவாமி எழுந்தருளி வலம் வரும் வெளி அது; அடியார் பிரதட்டை செய்யும் மண் அது. உள்வீதி மதிலுக்கு உள்ளேயே இருக்கிறது. மதுரையிலும் அப்படித்தான்: மீனாட்சியம்மன் கோயிலின் மதிலுக்கு உள்ளே ஆடி வீதி, அதைச் சுற்றிச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று ஒன்றையொன்று சூழ்ந்து செல்கின்றன. இந்த வீதிகளில் எதுவும் இன்னோர் ஊருக்குப் போவதற்காக உண்டானதன்று. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதற்காக உண்டானவை அவை. போக்குவரத்துக்கு இதைவிடத் தொலைவான பொருள் ஒரு சொல்லுக்கு இருக்க முடியுமா?

இலக்கியத்தைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதை புகாரின் பட்டினப்பாக்கத்தைச் சொல்லும்போது "கோவியன் வீதியும் கொடித்தேர் வீதியும் பீடிகைத் தெருவும்" என்று அடுக்கி, பெருங்குடி வாணிகரின் "மாட மறுகும்" என்று தொடர்கிறது. அரசனுக்கும் தேருக்கும் வீதி, கடைகளுக்குத் தெரு, மாடங்கள் நிறைந்த வாணிகர் குடியிருப்புக்கு மறுகு. மூன்று சொற்கள் மூன்று வேலைகளைச் செய்கின்றன. மறுகை நாம் இழந்துவிட்டோம், அது எனக்கு உண்மையான வருத்தம்.

நெடுநல்வாடையில் வரும் ஓரிடத்தைத்தான் உங்கள் கைநூலுக்காக நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். மழைக்காலத்து மூதூர் ஒன்றின் தெருவை அது "யாறு கிடந்தன்ன அகல்நெடுந் தெரு" என்கிறது. ஆறு கிடந்தாற்போல் அகலமும் நீளமும் உள்ள தெரு! ஆகவே தெரு என்றால் ஒடுங்கியது என்று எண்ணுவது பிழை. ஆனால் அந்தத் தெருவில் நடப்பதைக் கவனியுங்கள். உடல் வலிமை மிக்கவர்கள் கள்ளை உண்டு மகிழ்ந்து, தூவானத்தைப் பொருட்படுத்தாமல், பொழுது சாய்ந்த பிறகும் "வேண்டுவயின்" திரிகிறார்கள். விரும்பிய இடமெல்லாம் சுற்றித் திரிகிறார்களே தவிர, அவர்கள் எங்கும் போய்ச் சேரவில்லை. 'ஸ்ட்ரீட்' என்பதற்கு உங்கள் நூலாசிரியர் தரும் விளக்கத்தைச் சங்கப் புலவர் ஒரு சொல்லில் தந்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆங்கிலத்திலும் கோடு அவ்வளவு நேராக இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். 'ஸ்ட்ரீட்' என்ற சொல் கல் பரவிய வழியைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 'றோட்' குதிரையேறிச் செல்லும் பயணத்தைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. உரோமர் காலத்தில் இங்கிலாந்தின் குறுக்கே நெடுந்தூரம் ஓடிய வழி ஒன்றுக்கு இன்றும் 'வாட்லிங் ஸ்ட்ரீட்' என்றே பெயர். நமது பெருந்தெருவைப் போன்றதுதான் அது.

ஆகவே, தங்கையே, நீங்கள் வேறுபாட்டை ஏற்றவில்லை. அது இரு மொழிகளிலும் இருக்கிறது, இரு மொழிகளிலும் இடம் மாறியிருக்கிறது. பெயர்ச்சொல்லைத் தனியே நிறுத்தித் தீர்ப்புக் கேட்காமல், அதனோடு எது சேர்கிறது என்று பாருங்கள். இலங்கைத் தமிழில் வீதி விபத்து உண்டு, வீதி ஒழுங்கு விதிகள் உண்டு, வீதிச் சமிக்ஞை உண்டு. இவற்றில் வீதியை எடுத்துவிட்டுத் தெருவைப் போட்டால் எவர் காதும் ஏற்காது. கூத்து என்றால் தெருக்கூத்து. ஒருவன் எல்லாவற்றையும் இழந்து நின்றால் நடுத்தெருவில் நிற்கிறான். வாகனம் சம்பந்தப்பட்டவை வீதியோடும், மனிதரின் நிலை சம்பந்தப்பட்டவை தெருவோடும் சேர்கின்றன. தம்பியின் முடிவும் எனது முடிவும் ஒன்றாகத்தான் வருகின்றன. ஆனால் எனது முடிவு இன்றைய இலங்கைத் தமிழுக்கு மட்டுமே உரியது என்பதை நூலில் ஒரு வரியாவது சொல்லுங்கள்.

பதில் 3: மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு வந்தவர்

'பாதை' என்ற சொல்லை எவரும் எடுக்கவில்லை. எடுப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. எங்கள் பகுதியில் பாதை என்றால் வாவியைக் கடக்க உதவும் மிதவைதான். அதன்மேல் ஆட்களும் சைக்கிள்களும் மோட்டார் சைக்கிள்களும் ஏறி அக்கரைக்குப் போவார்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை வாவியின் அக்கரையான படுவான்கரைக்குப் போக எங்களுக்கு மண்முனைப் பாதைதான் இருந்தது. "பாதை இப்போது அக்கரையில் நிற்கிறது, வரட்டும்" என்று சொல்வது எங்களுக்கு இயல்பான பேச்சு.

கரையோடு நிற்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். ஆயினும் பொருள் ஒன்றுதான்: பாதை என்பது ஆளைக் கொண்டுசேர்ப்பது. போர்க்காலத்தில் பூட்டியும் திறந்தும் இருந்த, யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 விடயத்திலும் எங்கள் வீட்டில் "வீதி திறந்தது" என்று எவரும் சொன்னதில்லை. 2002இல் "பாதை திறந்துவிட்டது" என்றார்கள். 2006 ஓகஸ்டில் "பாதை பூட்டு" என்றார்கள். தார் போட்ட நிலம் அப்படியேதான் கிடந்தது. போக முடிவதும் முடியாததும்தான் பாதை.

பதில் 4: சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர், மருதானை

நடைமுறை பற்றி மட்டும் சில சொற்கள். மேலே பேசப்பட்டது முழுவதும் பொதுப்பெயர் பற்றியது. கைநூலில் இடங்களின் பெயர்கள் வருமானால் அவற்றை இந்த விதியின்படி திருத்த முற்படாதீர்கள். பலகையில் ஜம்பட்டா வீதி என்றிருந்தால் ஜம்பட்டா வீதிதான், ஆங்கிலத்தில் அது 'ஸ்ட்ரீட்' ஆக இருந்தாலும்.

பல ஆண்டுகளுக்கு முன் எனது குடும்பத்தில் ஒரு திருமண அழைப்பிதழை இரண்டு இடங்களுக்கு அனுப்பினோம்: ஒன்று வெள்ளவத்தையின் 'மூர்ஸ் றோட்'டுக்கு, மற்றது கொழும்பு 12இன் பழைய சோனகத் தெருவுக்கு. முகவரிகளைத் தமிழில் எழுதிய உறவினர், இரண்டுக்கும் ஒரே சீர்மை வேண்டும் என்று நினைத்து, இரண்டையும் 'சோனக வீதி' என்று எழுதிவிட்டார்; கொழும்பு 06, கொழும்பு 12 என்ற எண்களையும் விட்டுவிட்டார். ஓர் அழைப்பிதழ் திருமணம் முடிந்து வெகுநாட்களின் பின் திரும்பி வந்தது. அழைக்கப்படவில்லை என்று மனம் நொந்திருந்த அந்தப் பெரியவரை நேரில் போய்ச் சந்தித்துத்தான் சமாதானப்படுத்தினோம். சொல்லை மாற்றினால் இடமே மாறிவிடும் என்று அன்றைக்கு உணர்ந்துகொண்டேன்.

'மாவத்தை' என்ற சிங்களச் சொல் வந்த பிறகு இந்த விடயம் இன்னும் சிக்கலாகிவிட்டது. ஆங்கிலேயர் காலத்து 'டரெட் றோட்' தர்மபால மாவத்தை ஆயிற்று. 'புல்லர்ஸ் றோட்' பௌத்தாலோக மாவத்தை ஆயிற்று. 'நொரிஸ் றோட்' ஒல்கொட் மாவத்தை ஆயிற்று. 'கிறீன் பாத்' ஆனந்த குமாரசுவாமி மாவத்தை ஆயிற்று. முன்பு பெயரின் கடைசிச் சொல்லைக் கொண்டே அது எந்த வகை வழி என்று ஓரளவு ஊகிக்கலாம். மாவத்தை என்ற சொல் அதைச் சொல்வதில்லை. நாலு வரிசை வாகனம் ஓடுவதும் மாவத்தை. பத்து வீட்டோடு மதிலில் முட்டி நிற்பதும் மாவத்தை. தமிழில் நாம் அதை மொழிபெயர்ப்பதும் இல்லை, அப்படியே எழுதுகிறோம், அதுவே சரி.

பொதுப்பெயருக்குத் தெரு, வீதி என்ற இணையை நானும் ஆதரிக்கிறேன். ஆனால் முதன்முதல் வரும் இடத்தில் 'போக்குவரத்து வீதி' என்று எழுதிவிட்டு, பின்னர் வீதி என்று சுருக்குங்கள். கோயில் வீதியை மனதில் வைத்திருக்கும் வாசகர் தடுமாற மாட்டார்.

கேட்டவரின் மறுமொழி: வெள்ளவத்தை வாசகி

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆசிரியை அவர்கள் காட்டிய 'வேண்டுவயின் திரிதல்' இரண்டு நாட்களாக என்னை விட்டுப் போகவில்லை. நேற்று மாலை காலி வீதியில் நின்று அதையே யோசித்தேன். 100ஆம், 101ஆம் இலக்க பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வருகின்றன. அது ஏ2 நெடுவழியின் ஒரு பகுதி. காலியையும் மாத்தறையையும் கடந்து போகிறது. அதே நேரத்தில் அதன் இருபுறமும் புடைவைக் கடைகள், சாப்பாட்டுக் கடைகள், மருந்தகங்கள், பூக்காரர். எதிர்ப்பக்கக் கடைக்குப் போக நினைத்த ஒரு வயதான அம்மா, பாதசாரிக் கடவையில் கால் வைத்தும் கால் எடுத்தும் நெடுநேரம் நின்றார். வெள்ளவத்தைக்காரருக்கு அது தெரு. பாணந்துறையிலிருந்து வேலைக்கு வருபவருக்கு அது வீதி. இருவருக்கும் ஒரே நிலம். கைநூலின் வாக்கியம் சொல்வது இந்த நிலத்தைத்தான் என்று அப்போது விளங்கியது.

எனது புதிய வரைவு: "மக்கள் கூடி வாழும் தெருக்களாக இருந்தவற்றை, வாகனங்கள் கடந்து செல்வதற்கான போக்குவரத்து வீதிகளாக நாம் மாற்றிவிட்டோம்." 'நமது நகரங்கள்' என்பதை 'நாம்' என்று மாற்றினேன், ஏனெனில் தமிழில் நகரம் தானாக எதையும் செய்வதாகச் சொன்னால் ஒட்டவில்லை. திருத்தம் இருந்தால் சொல்லுங்கள். 'லேன்' என்பதற்கு ஒழுங்கை என்று எழுதலாமா? வெள்ளவத்தையில் எல்லோரும் 'லேன்' என்றுதான் சொல்கிறோம்.

பதில் 5: கொட்டாஞ்சேனையிலிருந்து

வரைவு நன்றாக இருக்கிறது. ஆசிரியை அவர்களின் மறுப்பையும் ஏற்றுக்கொள்கிறேன். தெருவுக்கு யாழ்ப்பாணத்தில் அந்தப் பொருள் உண்டென்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர் சொன்ன கோயில் வீதியை வாசித்தபோது ஆடிவேல் விழா நினைவுக்கு வந்தது. செட்டியார் தெருக் கதிரேசன் கோயிலிலிருந்து வேல் தேரேறிப் புறப்பட்டு, காலி வீதி வழியாகப் பம்பலப்பிட்டிக்குப் போகும். சிறுவனாக அப்பாவின் தோளில் இருந்து அதைப் பார்த்திருக்கிறேன். தேர் வந்து நிற்கும் இடத்தில் பஸ்ஸும் நிற்கும், கடைக்காரரும் வெளியே வருவார்கள், அருச்சனைத் தட்டோடு குடும்பங்கள் நடுவில் வந்து நிற்கும். அந்த வேளையில் காலி வீதிக்கு 'வீதி' என்ற பெயர் பழைய பொருளிலேயே பொருந்தும். கைநூலில் படம் போடும் எண்ணம் இருந்தால், இதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

ஒழுங்கை நல்ல சொல், வடக்கில் உயிரோடு இருக்கும் சொல். பொதுப்பெயராக அதையே எழுதுங்கள். ஆனால் ஹம்டன் லேனை ஹம்டன் ஒழுங்கை என்று எழுதினால் முச்சக்கர வண்டிக்காரருக்கு விளங்காது. பெயரில் லேன், பொருளில் ஒழுங்கை.